கடலடிச் சேற்றுக்கு மாடலில் எவ்வளவு இடம் தருவது?

ஆழமற்ற கடலுக்கு ஊட்டச்சத்து மாடல், அதாவது ஊட்டச்சத்துகளின் போக்குவரவைக் கணினியில் கணக்கிடும் அமைப்பு, கட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். நீரோட்டம் ஓடுகிறது, வெப்பநிலை பருவத்தோடு ஏறி இறங்குகிறது, மிதவைத் தாவரங்கள் பெருகிக் குறைகின்றன. மேலே எல்லாம் தயார். கீழே, கடலடியில், என்ன வைப்பது? மூடிய தரையா, ஒரு எளிய சூத்திரமா, இல்லை சேற்றை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் கணக்கிடும் தனி மாடலா?

இந்த முடிவைக் கடைசிக்குத் தள்ளிப்போடுவது பரவலான வழக்கம். முதலிலேயே எடுத்துவிடுங்கள் என்பேன். 4,000 மீட்டர் ஆழமுள்ள கடலில், மேலே உருவான கரிமப் பொருளில் ஏறத்தாழ 1 சதவீதம்தான் தரையைத் தொடுகிறது; மீதி வழியிலேயே சிதைந்துவிடுகிறது. 30 மீட்டர் ஆழத்தில் நிலைமை வேறு. நாளுக்கு 5 மீட்டர் வேகத்தில் விழும் துகள் ஆறே நாளில் அடியை அடைந்துவிடும். கரையோரக் கடல்களில் உற்பத்தியாகும் கரிமப் பொருளில் கால் பங்கு முதல் பாதி வரை கடலடியில்தான் சிதைகிறது. அங்கிருந்து மேலே திரும்பும் அம்மோனியமும் பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும்தான் அடுத்த வளர்ச்சிக்கு உணவு. அடியில் கணக்கு பிசகினால் மேலே எவ்வளவு நுணுக்கமாக எழுதியிருந்தாலும் பலனில்லை.

சேறு உள்ளே போனதை அப்படியே திருப்பித் தருவதில்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது. கரையோரச் சேற்றில் ஆக்சிஜன் மேலிருந்து சில மில்லிமீட்டர் வரைதான் இறங்குகிறது. அதற்குக் கீழே பாக்டீரியாக்கள் நைட்ரேட், மாங்கனீஸ் ஆக்சைடு, இரும்பு ஆக்சைடு, சல்பேட் என்று வரிசையாக எடுத்துக்கொண்டு கரிமப் பொருளைச் சிதைக்கின்றன. கடைசியில் மீத்தேன் உருவாகிறது. கரையோரச் சேற்றில் நடக்கும் மொத்தச் சிதைவில் பாதியளவு சல்பேட் வழியாகவே நடக்கக்கூடும். அந்த மேல் மில்லிமீட்டர்களில் அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுகிறது. சற்றுக் கீழே அதே நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாகி வெளியேறுகிறது. வாயுவான நைட்ரஜன் பெரும்பாலான மிதவைத் தாவரங்களுக்குப் பயன்படாது. அதாவது, கடலுக்குள் வந்த நைட்ரஜனில் ஒரு பகுதியை இந்த மெல்லிய அடுக்கு நிரந்தரமாக நீக்கிவிடுகிறது.

பாஸ்பரஸ் நடந்துகொள்வது வேறு விதம். ஆக்சிஜன் இருக்கும்வரை அது இரும்பு ஆக்சைடில் ஒட்டிக்கொண்டு சேற்றிலேயே தங்கும். அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும் இரும்பு கரைகிறது, பாஸ்பேட் விடுபடுகிறது. அதே நேரத்தில் அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவதும் நின்றுபோகிறது. நைட்ரேட் இல்லாவிட்டால் வாயுவாக வெளியேறுவதும் குறைந்துவிடும். ஆக, ஆக்சிஜன் குறைந்த கடலடி, பாஸ்பேட்டையும் அம்மோனியத்தையும் ஒன்றாக மேலே தள்ளுகிறது. அது மேலும் தாவர வளர்ச்சியைத் தூண்டுகிறது. அவை இறந்து விழுந்து மேலும் ஆக்சிஜனைத் தின்கின்றன. பால்டிக் கடலில் ஆக்சிஜன் குறைந்த அடித்தளப் பரப்பு விரியும் ஆண்டுகளில் நீரிலுள்ள பாஸ்பேட் இருப்பும் கூடுவதை அளவீடுகள் காட்டியிருக்கின்றன. இந்தச் சுழலை உங்கள் மாடல் காட்ட வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் தேர்வின் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி நேரம். சேற்றுக்குள் கரைபொருள்கள் விரவிப் பரவும் வேகம் மிகக் குறைவு. விரவல் எண்ணை நொடிக்கு 5×10⁻¹⁰ சதுர மீட்டர் என்று எடுத்துக்கொண்டால், 1 மில்லிமீட்டரைக் கடக்கச் சுமார் 17 நிமிடம் ஆகும். 1 சென்டிமீட்டருக்கு ஒரு நாளுக்குச் சற்றுக் கூடுதல். 10 சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ நான்கு மாதம். தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகிறது. கரிமப் பொருளும் ஒரே வேகத்தில் சிதைவதில்லை: ஒரு பகுதி சில வாரங்களில் தீரும், ஒரு பகுதிக்கு ஆண்டுகள் வேண்டும், இன்னொரு பகுதி அப்படியே புதைந்துவிடும். அதனால் சேற்றுக்கு ஒரே நேரத்தில் பல நீளங்களில் நினைவு இருக்கிறது. நீங்கள் கேட்கும் கேள்வி எத்தனை நாள் அல்லது எத்தனை ஆண்டு நீளமோ, அந்த அளவுக்கான நினைவாவது மாடலின் கடலடிக்கு இருக்க வேண்டும். என் பரிந்துரை முழுக்க இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான்.

கைவசம் உள்ள வழிகள்

கார்லீன் சூட்டார்ட்டும் சகாக்களும் 2000-ல் வெளியிட்ட ஆய்வொன்றில் கடலடியை நீர் மாடலோடு இணைக்கும் முறைகளை எளிமையிலிருந்து சிக்கலுக்குப் படிகளாக அடுக்கினார்கள். இன்றும் அந்த வரிசை உதவுகிறது. முதல் படியில் கடலடியே கிடையாது: விழுந்த துகள் காணாமல் போகும், அல்லது அடிநீரிலேயே தேங்கிச் சிதையும். சில நாள்களுக்கான முன்கணிப்பு தவிர வேறெதற்கும் இது உதவாது என்பதால் இத்தோடு விட்டுவிடலாம்.

அடுத்தது, அளந்த பாய்வை அப்படியே திணிப்பது. கடலடியிலிருந்து ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு அம்மோனியம் வருகிறது, இவ்வளவு ஆக்சிஜன் போகிறது என்று அளவீடுகளிலிருந்து எண்களை எடுத்து எல்லையில் வைத்துவிடுவார்கள். செய்வது சுலபம், இன்றைய நிலையை இது நன்றாகவே காட்டும். ஆனால் எதிர்காலக் கேள்விகளுக்கு இதைப் பயன்படுத்துவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஆறுகள் கொண்டுவரும் நைட்ரஜனைப் பாதியாகக் குறைத்தால் என்ன ஆகும் என்று கேட்கிறீர்கள் என்று வையுங்கள். மேலே உற்பத்தி குறையும், கீழே விழுவதும் குறையும். ஆனால் மாடலின் கடலடி பழைய அளவிலேயே அம்மோனியத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். எங்கிருந்து? எங்கிருந்தும் இல்லை. பொருண்மைக் கணக்கு அங்கேயே முறிந்துபோகிறது. குறைத்தும் பலனில்லை என்ற முடிவு வெளியே வரும். அந்த முடிவு கடலைப் பற்றியது அல்ல, மாடலின் எல்லையைப் பற்றியது. ஒரு கடற்கரையின் சுத்திகரிப்புத் திட்டமே இதை நம்பித் தீர்மானிக்கப்படலாம் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மூன்றாவது, உடனே திருப்பித் தரும் தரை. விழுந்தது அந்த நொடியே சிதைந்து ஊட்டச்சத்தாக மேலே வருகிறது. இதில் பொருண்மைக் கணக்கு முறிவதில்லை, கூடுதல் மாறி எதுவும் தேவையில்லை. இதன் நல்ல வடிவம் காத்யா ஃபென்னலும் சகாக்களும் 2006-ல் அமெரிக்காவின் கிழக்குக் கரையோர மேடையான (கரையை ஒட்டிய ஆழமற்ற கடற்பகுதி) மிட்-அட்லான்டிக் பகுதிக்கு எழுதியது. கடலடியின் ஆக்சிஜன் நுகர்வுக்கும் நைட்ரஜன் நீக்கத்துக்கும் இடையே அளவீடுகளில் கண்ட உறவை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதன்படி, தரையில் விழும் 16 நைட்ரஜன் அணுக்களில் 4 மட்டுமே அம்மோனியமாகத் திரும்பும், 12 வாயுவாகிவிடும். இந்த ஒற்றை விதியே, அந்த மேடைக்குள் வரும் நைட்ரஜனில் 90 சதவீதத்தைக் கடலடி நீக்குகிறது என்று காட்டியது. எளிய மாடல் ஒன்று இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்ல முடிந்தது என்பதை மதிக்கத்தான் வேண்டும்.

இதன் குறை நேரத்தில் இருக்கிறது. வசந்தத்தில் விழுந்தது வசந்தத்திலேயே திரும்பிவிடுகிறது. நிஜத்தில் அதன் ஒரு பகுதி வெதுவெதுப்பான கோடை மாதங்களில்தான் சிதைகிறது, அடிநீரின் ஆக்சிஜனைக் குடிப்பதும் அப்போதுதான். மெக்சிகோ வளைகுடாவில் லூசியானா கரையோரம் உருவாகும் ஆக்சிஜன் வறட்சிக்கு இதே குழுவினர் 2013-ல் வெவ்வேறு கடலடி விதிகளை ஒப்பிட்டார்கள். கடலடி ஆக்சிஜன் நுகர்வை எப்படி எழுதுகிறோம் என்பதை வைத்தே வறட்சிப் பரப்பு பெரிதும் மாறியது. இன்னொன்று: ஆக்சிஜன் முற்றிலும் தீர்ந்தபிறகும் இந்த விதி 12 நைட்ரஜனை நீக்கிக்கொண்டே இருக்கும். நைட்ரேட் உருவாகவே வழியில்லாத நேரத்தில் நீக்கம் தொடர்வது நிஜத்துக்கு நேரெதிர்.

இரண்டு அடுக்குச் சேறு

நான்காவது வழிக்கு வருகிறேன். என் வாக்கு இதற்குத்தான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சேற்றை ஆழவாக்கில் நூறு துண்டாக வெட்டாமல், மேலே ஆக்சிஜன் உள்ள மெல்லிய அடுக்கு, கீழே ஆக்சிஜன் இல்லாத தடித்த அடுக்கு என்று இரண்டாக மட்டும் வைப்பது. ஒவ்வொன்றிலும் எவ்வளவு கரிமப் பொருள், அம்மோனியம், நைட்ரேட், பாஸ்பேட், சல்பைடு இருக்கிறது என்பதைத் தொடர்ந்து கணக்கு வைக்கிறார்கள். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவுக்காக டொமினிக் டி டோரோவும் ஜேம்ஸ் ஃபிட்ஸ்பாட்ரிக்கும் 1993-ல் உருவாக்கிய கடலடிப் பாய்வு மாடல் இந்த வகையில் பெயர்பெற்றது. அதில் கீழ் அடுக்கு 10 சென்டிமீட்டர். கரிமப் பொருள் மூன்று வகை: 20 நாளில் பாதியாகக் குறைவது, சுமார் ஓர் ஆண்டில் பாதியாவது, சிதையாமல் புதைவது.

மேல் அடுக்கின் தடிமனை அவர்கள் கணக்கிடும் விதம் அழகானது. ஆக்சிஜன் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பது, மேலே எவ்வளவு இருக்கிறது, கீழே எவ்வளவு வேகமாகச் செலவாகிறது என்ற இரண்டின் விகிதம்தான். விரவல் எண்ணை அடிநீர் ஆக்சிஜனால் பெருக்கி, நுகர்வால் வகுத்தால் போதும். விரவல் எண் நொடிக்கு 10⁻⁹ சதுர மீட்டர், அடிநீரில் கன மீட்டருக்கு 250 மில்லிமோல் ஆக்சிஜன், நுகர்வு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 20 மில்லிமோல் என்று போட்டுப் பாருங்கள். விடை சுமார் 1 மில்லிமீட்டர். நுண் உணரிகளைச் சேற்றில் இறக்கி அளக்கிறவர்கள் காணும் அளவும் அதே ரகம். கோடையில் நுகர்வு கூடி ஆக்சிஜன் குறையும்போது இந்த அடுக்கு தானாகவே மெலிகிறது. மெலிந்ததும் நைட்ரேட்டாக்கம் குறைகிறது, இரும்பின் பிடி தளர்கிறது, அம்மோனியமும் பாஸ்பேட்டும் மேலே வருகின்றன. நான் முன்னே சொன்ன சுழல் முழுவதும் இங்கே யாரும் தனியாகக் கட்டளையிடாமலே நடக்கிறது.

கணினிச் செலவும் அதிகமில்லை. கடல் பரப்பைச் சதுரங்களாகப் பிரித்த ஒவ்வொரு கட்டத்துக்கும் சில பத்து மாறிகள், அவ்வளவுதான். முப்பது அடுக்கு உள்ள நீர்ப் பகுதியோடு ஒப்பிட்டால் இது சிறு சுமை. வட கடலுக்காக 1990-களில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் உருவாக்கிய எர்செம் மாடலும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் ஆக்சிஜன் அடுக்கு, நைட்ரேட் உள்ள அடுக்கு, இரண்டும் இல்லாத அடுக்கு என்று மூன்று, எல்லைகள் நகரும். கூடவே கடலடிப் புழுக்கள், சிப்பிகள் போன்றவற்றையும் உயிருள்ள மாறிகளாகவே வைக்கிறது. அவற்றின் உணவும் கழிவும் உங்கள் கேள்விக்கு முக்கியமானால் எர்செம் வகை நல்லது. இல்லையென்றால் டி டோரோ வகையே போதும்; திருத்த வேண்டிய அளவுருக்கள் குறைவு, எது தவறு என்று கண்டுபிடிப்பதும் எளிது.

செலவையும் துல்லியத்தையும் தராசில் வைத்துப் பார்த்து, 2000-ஆம் ஆண்டு ஆய்வும் ஆழவாரியாகப் பிரிக்காத இந்த வகையையே நல்ல சமரசமாகச் சொன்னது. கணினிகள் அதன்பிறகு பல மடங்கு வேகமாகிவிட்டன. ஆனாலும் என் முடிவு மாறவில்லை. காரணம் செலவு அல்ல, தரவு.

முழு ஆழ மாடல் எப்போது?

ஐந்தாவது வழி, ஒவ்வொரு கட்டத்துக்குக் கீழேயும் சேற்றை ஆழவாரியாகப் பிரித்து வேதிச் சமன்பாடுகளைத் தீர்ப்பது. ராபர்ட் பெர்னர் 1980-ல் முறைப்படுத்திய அணுகுமுறை இது. இவற்றில் எளியதான ஓமெக்ஸ்டயா 1996-ல் வந்தது. அதில் ஆறு மாறிகள்தான்: வேகமாகச் சிதையும் கரிமப் பொருள், மெதுவாகச் சிதைவது, ஆக்சிஜன், நைட்ரேட், அம்மோனியம், அப்புறம் சல்பைடு போன்ற, பின்னால் ஆக்சிஜனைச் செலவழிக்கப்போகும் ஆக்சிஜன் கடன்களை ஒன்றாகச் சேர்த்த ஒரு மாறி. 100 அடுக்கு வைத்தால் ஒரு கட்டத்துக்கு 600 எண்கள். இன்றைக்கு இது தாங்கக்கூடியதே. பால்டிக் கடலுக்கான எர்கோம் மாடலுக்கும் 2019-ல் ஆழவாரியான சேற்றுப் பகுதி சேர்க்கப்பட்டது.

இதன் பலம், அளவீட்டோடு நேராக ஒப்பிட முடிவது. குழாயை இறக்கிச் சேற்று மாதிரி எடுத்து, சென்டிமீட்டர் வாரியாக நுண்துளை நீரை (சேற்றுத் துகள்களுக்கு இடையே உள்ள நீர்) பிழிந்து அளந்த வரைகோடு கையில் இருந்தால், மாடலின் வரைகோட்டை அதன்மேல் வைத்துப் பார்க்கலாம். இரண்டு அடுக்கு மாடலில் அது முடியாது. இரும்பு, கந்தகம், காரத்தன்மை, நீண்டகாலப் புதைவு ஆகியவை கேள்வியின் மையமாக இருந்தால் இதைத் தவிர வேறு வழியில்லை.

பலவீனம், நிரப்ப வேண்டிய வெற்றிடங்களின் எண்ணிக்கை. புழுக்கள் சேற்றைக் கலக்கும் வேகம், அவை தம் குழிகளில் நீர் இறைக்கும் வேகம், நுண்துளை விகிதம், புதைவு வீதம், ஒவ்வொரு வினையின் அளவுரு என்று எல்லாவற்றையும் கடல் முழுக்கக் கட்டம் கட்டமாகத் தர வேண்டும். சில நிலையங்களில் மட்டும் தரவு இருக்கும். மற்ற இடங்களுக்கு ஊகம்தான். பக்கத்துப் பக்கத்தில் எடுத்த இரண்டு குழாய்களிலேயே பாய்வு இரு மடங்கு வேறுபடுவது உண்டு. ஊகத்தால் நிரப்பிய 100 அடுக்கைவிட, அளவீட்டால் கட்டிய 2 அடுக்கை நான் அதிகம் நம்புவேன்.

இடையில் ஒரு நல்ல பாலம் இருக்கிறது. முழு ஆழ மாடலைத் தரவு உள்ள நிலையங்களில் மட்டும் தனியாக ஓட்டி, பலவகை வெப்பநிலை, ஆக்சிஜன், படிவு அளவுகளுக்கு அது தரும் பாய்வுகளைத் திரட்டி, அவற்றுக்குப் பொருந்தும் எளிய சமன்பாடுகளைக் கடல் மாடலில் வைப்பது. லூசியானா கரையோரத்துக்கு 2016-ல் அர்னோ லோரனும் சகாக்களும் செய்தது இதுதான். ஆழத்தின் அறிவு கிடைக்கிறது, அதன் சுமை இல்லை. ஆனால் சமன்பாடு பழகிய எல்லைக்கு வெளியே போனால் நம்ப முடியாது. சேற்றின் நீண்ட நினைவும் அதில் வராது.

என்ன கேள்விக்கு எது

ஒரு பருவத்துக்குள் தாவர வளர்ச்சி எப்படிப் போகும் என்பதுதான் கேள்வியா, அடிநீரில் ஆக்சிஜன் எப்போதும் தாராளமாக இருக்கிறதா, அப்படியானால் உடனே திருப்பித் தரும் தரையை நைட்ரஜன் நீக்க விதியோடு சேர்த்துப் போடுங்கள்; மேலே செல்வது வீண் உழைப்பு. ஆக்சிஜன் வறட்சி வருகிற கடல் என்றாலோ, ஆற்று வரத்தைக் குறைத்தால் எத்தனை ஆண்டில் பலன் தெரியும் என்று ஒரு நிர்வாகம் கேட்டாலோ இரண்டு அடுக்குக்குக் குறைந்து எதையும் ஏற்காதீர்கள். அந்த எத்தனை ஆண்டு என்ற விடை சேற்றின் சேமிப்பில்தான் இருக்கிறது. புதைவு வேகம் ஆண்டுக்கு 0.25 சென்டிமீட்டர் என்றால், 10 சென்டிமீட்டர் அடுக்கு புதுப்பிக்கப்பட 40 ஆண்டு ஆகும். பழைய பாஸ்பரஸ் அவ்வளவு காலமும் மேலே கசிந்துகொண்டிருக்கலாம். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், செலவு செய்தவர்கள் ஐந்தாம் ஆண்டில் பொறுமை இழந்து திட்டத்தையே கைவிட்டுவிடுவார்கள். நூற்றாண்டு அளவில் கார்பன் புதைவு, காரத்தன்மை என்று கேட்டால் முழு ஆழ மாடல், அதற்கான குழாய் மாதிரிகளோடு.

இந்த எல்லா வழிகளுக்கும் பொதுவான ஒரு பெரிய ஓட்டை உண்டு: மணல். உலகின் கண்ட மேடைகளில் குறைந்தது பாதிப் பரப்பு மணற்பாங்கானது. உட்புகுதிறன் (நீர் ஊடுருவ மணல் இடம் தரும் அளவு) ஏறத்தாழ 10⁻¹² சதுர மீட்டருக்கு மேல் போனால், அலையும் ஓட்டமும் நீரை மணலுக்குள் நேரடியாகவே தள்ளி இழுக்கின்றன. அங்கே மெதுவான விரவலை அடிப்படையாகக் கொண்ட கணக்கு நிஜத்தைவிடக் குறைவாகவே சொல்லும். மணலில் கரிமப் பொருள் குறைவாக இருப்பதைப் பார்த்து அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. வந்தது உடனுக்குடன் சிதைவதால்தான் குறைவாக இருக்கிறது. இப்போதைக்கு என் யோசனை, கடலடி வரைபடத்தை வைத்து மணலையும் சேற்றையும் பிரித்து, மணலுக்கு அலை உயரத்தையும் ஓட்ட வேகத்தையும் பொறுத்து மாறும் கூடுதல் பரிமாற்ற எண்ணைத் தருவது. உடனே திருப்பித் தரும் தரை சேற்றைவிட மணலுக்கு நன்றாகப் பொருந்துகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரே மாடலில் இரண்டு வகைத் தரையும் இருப்பதில் தவறில்லை.

எதைத் தேர்ந்தாலும், நீர் மாடலோடு இணைப்பதற்கு முன் கடலடிப் பகுதியைத் தனியாக ஓட்டிப் பாருங்கள். அளந்த அடிநீர் வெப்பநிலை, ஆக்சிஜன், ஊட்டச்சத்து அளவுகளை மேலே கொடுத்து, ஒரு நிலையத்தில் முழு ஆண்டு ஓடவிட வேண்டும். ஆக்சிஜன் பாய்வு பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். கரிமப் பொருள் வரத்தை ஏற்றி இறக்கி அதை யாரும் பொருத்திவிடலாம். ஆக்சிஜன், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் ஒரே அமைப்பில் சேர்ந்து பொருந்த வேண்டும், கோடையிலும் குளிரிலும். நிலைத்த நிலைக்கு வரும்வரை ஓட்டுவதையும் சுருக்காதீர்கள். ஆண்டில் பாதியாகும் கரிமப் பொருளுக்கு ஐந்தாறு ஆண்டு போதும். பாஸ்பரஸுக்குப் பல பத்தாண்டு வேண்டும். இருப்பு ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு நகர்கிறது என்ற வரைகோட்டை ஒவ்வொரு முடிவோடும் சேர்த்தே வெளியிடுங்கள். ஆற்று வரத்தைக் குறைத்ததால் வந்த மாற்றம் எது, மாடல் இன்னும் நிலைபெறாததால் வந்த நகர்வு எது என்று படிப்பவர் பிரித்தறிய அது ஒன்றுதான் வழி.